சின்னக் கால்களோடு நடந்த தகப்பன்

வேதபகுதி: ஆதியாகமம் 33:12–14



இந்த மாதம் என் குற்றத்தை அறிக்கை செய்துதான் ஆரம்பிக்க வேண்டும். வேதாகமக் கல்லூரியில் டிப்ளோமா முடித்து, பிள்ளை வளர்ப்பைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் செய்தவன் நான். ஆனால் 2023இல் என் மகள் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை எழுதிய வருஷத்தில், அந்தப் பிரசங்கங்களில் ஒன்றையும் நான் கைக்கொள்ளவில்லை.

விடியக்காலை 4 மணிக்கு அவளை எழுப்புவேன். பாடசாலை விட்டால் ரியூசன். ரியூசன் விட்டால் மாதிரி வினாத்தாள். பிள்ளைகளைத் தவறாமல் ஞாயிறு பாடசாலைக்கு அனுப்புங்கள் என்று உங்களுக்குச் சொன்ன நானே, ஞாயிறு காலையில் என் பிள்ளையை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக் கருத்தரங்குக்குக் கொண்டுபோய் விட்டேன். "பிள்ள பாவம், சாப்பிடவும் மாட்டேங்குது" என்று மனைவி சொன்னபோது, "ஒரு வருஷம்தானே" என்றேன். உபவாச ஜெபத்தில் அவளுடைய பேனைக்கு எண்ணெய் பூசி ஜெபித்தேன். அதோடு விட்டேனா? "கர்த்தர் 170க்கு மேல் தருவார், சாட்சி சொல்லுவோம்" என்று உங்கள் முன்பாக அறிவித்தும் விட்டேன்.

நவம்பரில் பெறுபேறு வந்தது. போனில் சுட்டெண்ணை அடித்துப் பார்த்தேன். வெட்டுப்புள்ளிக்கு 4 புள்ளி குறைவு. அவள் அழவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றவள் கேட்டாள்: "அப்பா, இனி சபையில என்ன சொல்லப் போறீங்க?"

தேவ ஜனமே, 10 வயதுப் பிள்ளை தன் துக்கத்தை மறந்து தகப்பனுடைய வெட்கத்தைச் சுமந்துகொண்டு நின்றாள். அந்தச் சுமையை அவள் தலையில் ஏற்றியது பிசாசா? இல்லை, நான்தான்!

அன்றிரவு நித்திரை வராமல் வேதத்தைத் திறந்தபோது யாக்கோபு என்னைப் பிடித்துக்கொண்டான். அவன் யார்? பிறக்கும்போதே அண்ணனின் குதிகாலைப் பிடித்தவன். முந்துவதே அவன் பிழைப்பு. ஆனால் இந்த வேதபகுதியில், 400 பேரோடு வந்த ஏசா சேர்ந்து போவோம் என்று கூப்பிடுகிறபோது அவன் என்ன சொல்லுகிறான்? என் பிள்ளைகள் சின்னவர்கள். ஒரே ஒரு நாள் மிஞ்சி ஓட்டினாலும் மந்தை தாங்காது. நீர் முன்னே போம், நான் இவர்களால் முடிந்த அளவுக்கு மெதுவாக நடந்து வருகிறேன் என்கிறான்.

இந்தப் பொறுமை எங்கிருந்து வந்தது? முந்தின அதிகாரத்தைப் பாருங்கள். கர்த்தர் அவன் தொடையைத் தொட்டார். பெனியேலைக் கடந்தபோது நொண்டி நொண்டி நடந்தான். நொண்டுகிற தகப்பனுக்குத்தான் சின்னக் கால்களோடு நடக்கத் தெரியும்! ஆசீர்வாதத்தை அவன் கர்த்தரிடம் பெற்றுவிட்டான். ஆகவே அண்ணன் முன்னே போகட்டும் என்று விட முடிந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளை முன்னே போகட்டும் என்று நம்மால் விட முடிகிறதா?

பரீட்சை பாவம் என்று சொல்லுகிறேனா? இல்லை. 1940களில் இலவசக் கல்வியைக் கொண்டுவந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் காலத்தில், கிராமத்து ஏழைப் பிள்ளையும் மத்திய கல்லூரியில் படிக்கட்டும் என்று திறந்த வாசல் அது. இன்றைக்கும் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைக்கு உதவித்தொகையும், நல்ல பாடசாலையில் தரம் 6க்கு இடமும் அதனால் கிடைக்கிறது. அதற்காக ஸ்தோத்திரம். ஆனால் அந்த வாசலில் நாம் பிள்ளைகளை நெருக்கித் தள்ளுகிறோம். பரீட்சைக்கு முந்தின நாட்களில் ரியூசனும் கருத்தரங்கும் நடத்தக் கூடாதென்று பரீட்சைத் திணைக்களமே தடை போடுகிறது. தடை போட்டால்தான் நாம் நிறுத்துவோமா?

200 புள்ளிப் பரீட்சைக்கு வெட்டுப்புள்ளி உண்டு. பிதாவின் அன்புக்கு வெட்டுப்புள்ளி உண்டா? இயேசு ஒரு அற்புதமும் செய்யுமுன்னே, யோர்தான் கரையில், தம்முடைய குமாரன்மேல் உள்ள பிரியத்தைப் பிதா எல்லாரும் கேட்கச் சொல்லிவிட்டார் (மத்தேயு 3:17). நாமோ பெறுபேறு வரட்டும், பிறகு கட்டிப்பிடிப்போம் என்று காத்திருக்கிறோம்.

பெற்றோரே, மூன்று காரியம் கேட்கிறேன். பிள்ளையின் நித்திரையையும் ஞாயிறு காலையையும் எடுக்காதேயுங்கள். பிள்ளையின் புள்ளியை வைத்துக் கர்த்தருக்குப் பொருத்தனை பண்ணாதேயுங்கள். "நீ என்ன எடுத்தாலும் நீ எங்கட பிள்ளைதான்" என்று பரீட்சைக்கு முன்னமே சொல்லுங்கள். சபையிலும் ஒரு மாற்றம் உண்டு. இதுவரை சித்தியடைந்த பிள்ளைகளை மட்டும் முன்னால் அழைத்தோம். மற்றப் பிள்ளைகள் பின் வாங்கில் தலை குனிந்து இருந்ததை நான் கவனிக்கவே இல்லை. இனி எழுதிய எல்லாப் பிள்ளைகளையும் அழைத்து ஜெபிப்போம்.

அன்றிரவே மகளை எழுப்பி, "அப்பாவை மன்னிச்சிருங்க மகள்" என்றேன். என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அப்போதுதான் அழுதாள். அடுத்த நாள் காலை 7 மணி மட்டும் நித்திரை கொண்டாள். நான் எழுப்பவில்லை.

ஜெபிப்போமா? கர்த்தாவே, எங்கள் பெருமையின் தொடையைத் தொடும். நீர் தந்த பிள்ளைகளோடு மெதுவாக நடக்க எங்களுக்குக் கற்றுத் தாரும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.