அவர்கள் வகுத்த விதி

பிரேசில் நாட்டுப் பள்ளிகளின் விளையாட்டுத் தளத்தில் பெரும்பாலும் வண்ணக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடிக் கிடக்கும். ஒரு வண்ணம் கால்பந்தின் சிறுதள வடிவமான ஃபுட்சாலுக்கு. மற்றவை வாலிபாலுக்கும் பாஸ்கெட்பாலுக்கும் ஹேண்ட்பாலுக்கும். கால்பந்தின் விதிகள் 1863-இல் லண்டனில் எழுதப்பட்டன. பாஸ்கெட்பால் 1891-இலும் வாலிபால் 1895-இலும் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தன. ஹேண்ட்பால் வட ஐரோப்பாவில் உருவானது. உடற்கல்விப் பாடம் என்றாலே இந்த நான்கும்தான் என்று பல தலைமுறைகள் அங்கே வளர்ந்துவிட்டன.

நான்கும் நல்ல விளையாட்டுகள். அவற்றின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தத் தளத்தில் ஓடும் பிள்ளைகள் யார்? அடிமை வாணிபம் நடந்த நூற்றாண்டுகளில் ஏறத்தாழ 48 லட்சம் ஆப்பிரிக்கர்கள் பிரேசில் கரையில் இறக்கப்பட்டார்கள் என்பது வரலாற்றாய்வாளர்களின் கணக்கு. 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தங்களைக் கறுப்பினத்தவர் என்றோ கலப்பினத்தவர் என்றோ சொல்லிக்கொண்டவர்கள் பாதிக்கும் மேல். பழங்குடியினர் ஏறத்தாழ 17 லட்சம் பேர். இத்தனை பேரின் முன்னோர்களும் விளையாடியவர்கள்தாம். அந்த விளையாட்டுகளுக்கென்று அந்தத் தரையில் ஒரு கோடுகூட இல்லை.

இதைச் சரிசெய்யச் சட்டம் வந்தது. ஆப்பிரிக்க வரலாறும் ஆப்பிரிக்க-பிரேசில் பண்பாடும் பள்ளியில் கட்டாயம் கற்பிக்கப்பட வேண்டும் என்று 2003-இல் ஒரு சட்டம் சொன்னது. 2008-இல் வந்த சட்டம் பழங்குடி மக்களின் வரலாற்றையும் பண்பாட்டையும் அதனுடன் சேர்த்தது. 2017-இல் வெளியான தேசியப் பொதுப் பாடத்திட்டம் உடற்கல்வியிலேயே பழங்குடி, ஆப்பிரிக்க மரபுகளைச் சேர்ந்த விளையாட்டுகளுக்கும் நடனங்களுக்கும் மற்போர்களுக்கும் இடம் கொடுத்தது.

ஏன் இவற்றைக் கற்பிக்க வேண்டும் என்று கேட்டால் மூன்று பதில்கள் வரும். மரபைக் காப்பாற்ற, பிள்ளைகளுக்குத் தங்கள் வேரைப் பற்றிய பெருமிதம் தர, பிறர் பண்பாட்டை மதிக்கப் பழக்க. மூன்றும் உண்மை. ஆனால் இந்த மூன்றையும் ஓர் அருங்காட்சியகமும் செய்யும், ஒரு நல்ல வரலாற்றுப் பாடமும் செய்யும். விளையாட்டு மட்டுமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. அதைத்தான் இங்கே எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

விளையாட்டுக்குள் நுழைய ஒரே வழி, அதன் விதியை ஏற்பது. பந்தைக் கையால் தொடக் கூடாது என்றால் தொடக் கூடாது. ஏன் என்று வாதாட அங்கே இடமில்லை. யாரும் மிரட்டுவதும் இல்லை. மனிதன் வேறெந்த இடத்திலும் இவ்வளவு மகிழ்ச்சியோடு கட்டுப்படுவதில்லை. விதியை மீறியவனைக் காவலர் வந்து பிடிப்பதில்லை. கூட ஆடும் குழந்தையே “ஆட்டம் கலைஞ்சு போச்சு” என்று எழுந்துவிடும். அந்தப் பயம் போதும்.

இப்போது பிரேசிலில் விதி வகுத்தவர்கள் யார், கட்டுப்பட்டவர்கள் யார் என்று பார்ப்போம். 1757-இல் போர்ச்சுகலின் காலனி ஆட்சி ஓர் ஆணை பிறப்பித்தது. பழங்குடிக் குடியிருப்புகளின் பள்ளிகளில் பிள்ளைகள் தங்கள் மொழியைப் பேசலாகாது, போர்த்துகீசியம் மட்டுமே பேச வேண்டும் என்றது அது. 1916-இன் சிவில் சட்டம் பழங்குடியினரை முழுமையான சட்டத் தகுதி இல்லாதவர்கள் என்று வகைப்படுத்தி, 21 வயது நிரம்பாதவர்களோடு ஒரே பட்டியலில் வைத்தது. பேரப்பிள்ளை கண்ட முதியவரும் சட்டத்தின் கண்ணில் பாதுகாவலர் தேவைப்படும் சிறுவர். அவர்களின் சமூக அமைப்பையும் வழக்கங்களையும் நிலத்தின் மீதான பூர்விக உரிமையையும் நாடு தன் அரசியலமைப்பில் முறையாக ஒப்புக்கொண்டது 1988-இல்தான். ஆப்பிரிக்க வம்சாவளியினரின் கதை இன்னும் நேரடியானது. 1888 மே 13 அன்று அடிமை முறை ஒழிந்தது. இரண்டே ஆண்டில், 1890-இன் தண்டனைச் சட்டம், அவர்களின் மற்போர் ஆட்டமான கபோயேராவைத் தெருவில் ஆடினால் இரண்டு முதல் ஆறு மாதம் வரை சிறை என்று எழுதியது. சங்கிலி கழன்ற உடல், தன் விருப்பப்படி அசைந்தால் குற்றம்.

இந்த மக்கள் பிறர் வகுத்த விதிகளின் கீழேயே நூற்றாண்டுகளைக் கழித்தவர்கள். பிறருக்கு விதி வகுக்கும் இடத்தில் அவர்கள் நின்றதே இல்லை. ஆகவே, ஐம்பது நிமிட உடற்கல்வி வகுப்பில் பரேசி என்னும் பழங்குடி மக்களின் விளையாட்டு ஒன்று நடக்கிறது என்றால் அங்கே பெரிய காரியம் ஒன்று நடக்கிறது. மருத்துவரின் மகள், கடைக்காரரின் மகன், ஆசிரியர் என்று எல்லோரும் பரேசி மக்கள் வகுத்த விதிக்குக் கட்டுப்படுகிறார்கள். அதுவும் தாமே விரும்பி, சிரித்துக்கொண்டு.

அந்த விளையாட்டையே எடுத்துக்கொள்வோம். மாட்டோ குரோசோ மாநிலத்தில் வாழும் பரேசி மக்களின் தலைப்பந்து. மாங்கபா மரத்தின் பாலிலிருந்து பந்து செய்வார்கள். தரையில் வைத்த பந்தை நோக்கி ஒருவர் ஓடிவந்து, மண்ணில் குப்புறப் பாய்ந்து தலையால் முட்டி எதிர்ப்பக்கம் அனுப்புவார். அதன்பின் கையும் படக் கூடாது, காலும் படக் கூடாது, தலை ஒன்றுதான். 1914-இல் பிரேசில் இராணுவ அதிகாரி ரொண்டோனுடன் அந்தப் பகுதியில் பயணம் செய்த முன்னாள் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் இதைப் பார்த்து வியந்து எழுதியிருக்கிறார். கால்பந்தில் தேர்ந்த மாணவன் ஒருவன் முதன்முறை இதை ஆடும்போது அவன் கால் தன்னையறியாமல் பந்தை நோக்கிப் போகும். அவனுடைய திறமையே அங்கே தடை. வகுப்பில் எப்போதும் முதலில் நிற்பவன் கடைசிக்கு வருகிறான். எப்போதும் கடைசியில் அணிக்குள் சேர்க்கப்படும் பிள்ளை தயங்காமல் மண்ணில் பாய்கிறது. யார் கெட்டிக்காரர் என்பதே விதி வகுத்தவரைப் பொறுத்தது என்பதை அந்த வகுப்பு தன் உடலாலேயே கற்றுக்கொள்கிறது.

விதிக்குக் கட்டுப்படுவதில் இன்னொரு ஆழமும் உண்டு. ஒவ்வொரு விதியின் உள்ளேயும், எதிரே இருப்பவன் எனக்கு யார் என்ற கேள்விக்கு ஒரு பதில் இருக்கிறது.

கானாவின் அகன் மக்கள் ஆடும் ஒவாரே நம் பல்லாங்குழிக்கு உறவு. இரண்டு வரிசையில் 12 குழிகள், குழிக்கு 4 விதையாக 48 விதைகள். அடிமைக் கப்பல்களில் ஏற்றப்பட்டவர்களோடு கரீபியத் தீவுகளுக்கும் போன ஆட்டம் இது. ஆன்டிகுவாவிலும் பார்படோஸிலும் வாரி என்ற பெயரில் இன்றும் ஆடுகிறார்கள். அதில் ஒரு விதி உண்டு. எதிராளியின் ஆறு குழியும் காலியாகிவிட்டால், அவர் பக்கம் விதை போய்ச் சேரும்படியான ஆட்டத்தைத்தான் நான் ஆட வேண்டும். அப்படி ஓர் ஆட்டம் இருக்கும்வரை வேறு ஆட்டம் ஆட எனக்கு உரிமை இல்லை. ஜெயிக்கும் நிலையில் இருக்கும் பத்து வயதுப் பையன், தன் குழிகளை ஒவ்வொன்றாக விரலால் எண்ணி, எந்தக் குழியை எடுத்தால் எதிரே காத்திருக்கும் பெண்ணுக்கு விதை போய்ச் சேரும் என்று கணக்குப் போடுகிறான். அவளை வெல்லலாம், பட்டினி போட முடியாது. இதை ஓர் அறநெறிப் பாடமாகச் சொல்லியிருந்தால் அவன் கொட்டாவி விட்டிருப்பான். இங்கே அவன் விரலே அதைச் செய்கிறது.

பிரேசிலின் ஷவாந்தே பழங்குடி மக்களின் மரக்கட்டை ஓட்டம் வேறொரு பதிலைச் சொல்கிறது. புரிதி என்னும் பனைவகை மரத்தின் துண்டம், எண்பது கிலோவோ அதற்கு மேலோ இருக்கும். ஒருவர் தோளில் சுமந்து ஓடுவார்; மூச்சு வாங்கும்போது கூட ஓடுபவரின் தோளுக்கு மாற்றுவார். இரண்டு அணிகள், கிலோமீட்டர் கணக்கான தூரம். 1950-களின் பிற்பகுதியில் அவர்களோடு வாழ்ந்த மானிடவியலாளர் டேவிட் மேபரி-லூயிஸ், இதைப் பந்தயம் என்று எண்ணித்தான் பார்க்கத் தொடங்கினார். முந்திப் போகும் அணியின் ஆளே பின்தங்கிய அணிக்குத் தோள் கொடுத்ததைக் கண்டார். யார் முதலில் வந்தார் என்பது அவர்களுக்குப் பெரிய பேச்சாக இல்லை. ஓட்டம் அழகாக அமைந்ததா என்பதே பேச்சு.

கபோயேராவுக்கு வருவோம். வட்டமாக நிற்கும் கூட்டத்துக்கு அதை ஆடுபவர்கள் ரோடா என்று பெயர் சொல்வார்கள். ஆட வரும் இருவர், வில்போன்ற ஒற்றைத் தந்திக் கருவியான பெரிம்பாவின் அடியில் குந்தி, கைதொட்டு, உள்ளே நுழைவார்கள். வேகத்தைத் தீர்மானிப்பது அந்தத் தந்தியின் தாளம். புள்ளிக் கணக்கு இல்லை. உதை எதிராளியின் முகத்தருகே வந்து நிற்கும். அடித்திருக்க முடியும் என்று காட்டியபின் அடிக்காமல் விடுவதுதான் தேர்ச்சி. அடிபட்டே வாழ்ந்த மக்கள், அடிக்காமல் நிறுத்தத் தெரிவதை உயர்ந்த கலையாக்கியிருக்கிறார்கள் என்பதை எண்ணும்போது எனக்கு மனம் நிமிர்கிறது.

இந்த இடத்தில்தான் பள்ளிகள் சறுக்குகின்றன. மரக்கட்டைக்குப் பதில் லேசான குழாயைக் கொடுப்பதில் தவறில்லை; பிள்ளைகளின் தோள் அவ்வளவுதான் தாங்கும். ஆனால் ஓட்டத்தின் முடிவில் ஸ்டாப்வாட்சோடு நின்று, முதலில் வந்த அணிக்கு மெடல் கொடுத்தால், அங்கே ஓடியது ஷவாந்தே ஓட்டம் ஆகாது. ஓலைத் தொப்பி மாட்டிய நம் ரிலே ரேஸ். பொருள் மாறலாம், விதி மாறினால் பழையபடி நாமே ஆள்பவர்கள்.

பெயரை விழுங்குவதும் அப்படித்தான். ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் கொண்ட ஒரு கண்டத்தின் ஆட்டத்தை ‘ஆப்பிரிக்க விளையாட்டு’ என்று பொதுவாகச் சொல்லிக் கடந்துவிடுகிறோம். கால்பந்து இங்கிலாந்துக்காரர்களுடையது என்று தெரிந்து வைத்திருக்கும் நமக்கு, ஒவாரே அகன் மக்களுடையது, தலைப்பந்து பரேசிகளுடையது என்று சொல்லவும் தெரிய வேண்டும். விதிக்கு ஆசிரியர் உண்டு. அவர் பெயரைச் சொல்லித்தான் ஆட்டத்தைத் தொடங்க வேண்டும். ஏப்ரல் 19 பழங்குடி மக்கள் நாள், நவம்பர் 20 கறுப்பின விழிப்புணர்வு நாள் என்று அந்த இரண்டு நாட்களில் மட்டும் இவற்றை ஆடவிட்டு, மீதி ஆண்டு முழுவதும் பழைய நான்குக்குத் திரும்பும் வழக்கமும் இதே நோய்தான். விருந்தாளியாக அழைக்கப்படுபவருக்கு வீட்டில் விதி வகுக்கும் உரிமை கிடையாது.

சில இடங்களில், ஆடாமல் நிற்பதும் விதிக்குக் கட்டுப்படுவதே. ஷிங்கு ஆற்றுப் பகுதி மக்களின் ஹுகா-ஹுகா மற்போர், இறந்தவர்களை நினைந்து நடத்தும் குவாருப் சடங்கோடு பின்னிப் பிணைந்தது. அதன் பிடிகளைக் கற்பிக்கும் ஆசிரியர், அது எந்தத் துக்கத்தின் முடிவில் ஆடப்படுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். எதை வகுப்புக்குக் கொண்டுவரலாம், எதை அவர்களிடமே விட்டுவிட வேண்டும் என்று அந்த மக்களைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

வியப்பும் மரியாதையும் ஒன்றென்று எண்ணி ஏமாறுகிறோம். கபோயேராவை உலகமே வியந்தது. 2014-இல் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் மரபுச் செல்வம் என்று அறிவித்தது. ஆனால் 1932-இல் சால்வடார் நகரில் பள்ளி தொடங்கி, தடைசெய்யப்பட்ட அந்தக் கலையைத் தலைநிமிர வைத்த மெஸ்த்ரே (ஆசான்) பிம்பா, ஆதரவு தேடி வேற்றூருக்குப் போய் 1974-இல் வறுமையில் மாண்டார். கபோயேரா அங்கோலா மரபைக் கட்டிக் காத்த மெஸ்த்ரே பாஸ்தின்யா, பள்ளி நடத்திய இடத்தையும் கண்பார்வையையும் இழந்து 1981-இல் இறந்தார். உடற்கல்வித் தொழிலை ஒழுங்குபடுத்த 1998-இல் சட்டம் வந்தபின், கபோயேரா கற்பிக்கும் மெஸ்த்ரேக்களும் உடற்கல்வி மன்றத்தில் பதிவு செய்ய வேண்டும் என்ற வற்புறுத்தல் எழுந்தது. கலையை உண்டாக்கியவர்கள், அதைக் கற்பிக்கப் பிறரிடம் அனுமதி கேட்க வேண்டுமாம். வியப்பு கைதட்டும், படம் எடுக்கும், பட்டம் கொடுக்கும். அதிகாரத்தை மட்டும் விட்டுக்கொடுக்காது.

மரியாதை அதற்கு அப்பால் தொடங்குகிறது. நான் தாழ்ந்தவரென்று நினைத்த ஒருவர் சொன்ன சொல்லுக்கு நான் கட்டுப்படும் கணத்தில் அது பிறக்கிறது. சட்டத்தால் இழிசொல்லைத் தடுக்க முடியும், இட ஒதுக்கீடு தர முடியும், மன்னிப்புக் கேட்க வைக்கவும் முடியும். அவை எல்லாம் வேண்டும். ஆனால் ஆண்ட மரபில் வந்த பிள்ளை, ஆளப்பட்டவர்களின் விதிக்கு மனமுவந்து, வியர்க்க வியர்க்க, இன்னொரு ஆட்டம் கேட்டுக் கட்டுப்படுவதை எந்தச் சட்டமும் செய்ய முடியாது. விளையாட்டு செய்யும். அதே தளத்தில் நிற்கும் பரேசிப் பிள்ளையோ, கறுப்பினப் பிள்ளையோ, தன் பாட்டனார் வகுத்த ஒழுங்கின்படி ஒரு வகுப்பே இயங்குவதைப் பார்க்கிறது. தன் மக்களுக்கு விதி வகுக்கத் தெரியும் என்ற அறிவு அதன் எலும்பில் இறங்குகிறது. பாடநூலில் வரும் எந்தப் புகழுரையும் அதற்கு ஈடாகாது.

இது பிரேசிலுக்கு மட்டும் உரிய உண்மை இல்லை. வலுத்தவரும் மெலிந்தவரும் சேர்ந்து வாழும் எந்தச் சமூகத்துக்கும் இது பொருந்தும். விலக்கி வைக்கப்பட்டவர்களை நம் தளத்துக்கு அழைத்து, நம் விதிப்படி ஆட இடம் கொடுத்தாலே சமத்துவம் வந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். அது பாதி வழிதான். அவர்கள் தளத்தில் நாம் இறங்கி, அவர்கள் விதிப்படி ஆடி, அங்கே தோற்கவும் மனதார இசையும்போதுதான் இருவரும் சமம்.