சினிக்குகளின் தன்னொழுக்கம்

சினிக் தத்துவம் கி.மு. நான்காம் நூற்றாண்டில் கிரேக்கத்தில் உருவான ஒரு வாழ்க்கைமுறை. எவரையும் நம்பாமல் எதையும் ஏளனம் செய்யும் இன்றைய மனப்போக்குக்கும் அதே பெயர் வழங்குகிறது. வகுப்பறையில் இவ்விரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டால் விவாதம் தொடக்கத்திலேயே தடம் மாறிவிடும். இன்றைய ஏளனக்காரர் உலகத்தைக் குறை சொல்லிவிட்டு அதிலேயே வசதியாக இருந்துகொள்கிறார். பழைய சினிக் முதலில் தன் உடம்பையும் ஆசைகளையும் பழக்கிக்கொண்டார். ஊரைக் கேலி செய்யும் உரிமை அந்தப் பழக்கத்தால் வந்தது.

சினிக்குகள் எழுதியவற்றில் ஏறக்குறைய எதுவும் மிஞ்சவில்லை. அவர்களைப் பற்றிய கதைகளில் பெரும்பகுதி, கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் டயோஜனிஸ் லயேர்ட்டியஸ் தொகுத்த தத்துவவாதிகள் வரலாற்றின் ஆறாம் நூலில் உள்ளது. ஐந்நூறு ஆண்டுகள் வாய்வழியாகவும் ஏட்டுவழியாகவும் வந்த கதைகள் என்பதால், ஒவ்வொன்றும் அப்படியே நடந்ததாகக் கொள்ள முடியாது. ஆனால் அவை வரைந்து காட்டும் மனிதரின் குணம் மாறுவதில்லை.

இந்த மரபின் தொடக்கம் சாக்ரடீஸின் மாணவர் ஆண்டிஸ்தனிஸிடம் இருப்பதாகச் சொல்வது வழக்கம். மகிழ்ச்சிக்கு அறம் ஒன்றே போதும், அதற்குமேல் தேவைப்படுவது சாக்ரடீஸுக்கு இருந்த மன வலிமை மட்டுமே என்பது அவர் கருத்து. அந்த வலிமையை எப்படிப் பெறுவது என்ற கேள்விக்குத் தன் வாழ்க்கையையே விடையாக்கியவர் டயோஜனிஸ். கருங்கடலின் தென்கரையிலுள்ள சினோப்பே அவர் ஊர். தந்தை ஹிக்கேசியஸ் பணம் மாற்றும் தொழில் செய்தவர். நாணயங்களைச் சிதைத்த குற்றம் தொடர்பாக ஊரைவிட்டு வெளியேறிய டயோஜனிஸ், ஏதென்ஸ் சந்தைவெளியில் ஒரு பெரிய மண்தாழியைத் தன் இருப்பிடமாக்கிக்கொண்டார்.

கோடையில் அவர் சுடுமணலில் உருண்டார். குளிர்காலத்தில் பனி மூடிய சிலைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு சிறுவன் கையால் நீர் அள்ளிக் குடிப்பதைக் கண்டதும் பையிலிருந்த குவளையை எறிந்துவிட்டார். கற்சிலைகளிடம் பிச்சை கேட்டார். காரணம் கேட்டவரிடம், கிடைக்காமல் போவதற்குப் பழகிக்கொள்வதாகச் சொன்னார். கிறுக்குத்தனமாகத் தோன்றும் இச்செயல்களுக்குப் பின்னால் தெளிவான ஒரு வாதம் இருந்தது. பயிற்சி இரண்டு வகை: உடலுக்கு ஒன்று, உள்ளத்துக்கு ஒன்று, ஒன்றில்லாமல் மற்றது நிறைவடையாது. கைவினைஞரும் குழல் இசைப்பவரும் மல்லரும் இடைவிடாத பழக்கத்தால்தான் தேர்ச்சி பெறுகிறார்கள். அதே உழைப்பை உள்ளத்தின் பக்கம் திருப்பியிருந்தால் அது வீணாகியிருக்காது என்றார் டயோஜனிஸ். சுகத்துக்குப் பழகியவருக்கு அதை விடுவது துன்பம். சுகத்தை ஒதுக்கப் பழகியவருக்கு அந்த ஒதுக்கமே சுகத்தைவிட இனிக்கும் என்றும் அவர் கண்டிருந்தார். ஆகவே இதை வெறும் உடல்வதையாகக் கருதுவது பிழை. அவர் தேடியது மகிழ்ச்சியைத்தான்.

பசியையும் குளிரையும் வெல்வதைவிடக் கடினமானது பிறர் பார்வைக்கு அஞ்சாமல் இருப்பது. சைப்ரஸிலிருந்து வந்த ஜீனோ கூச்ச சுபாவம் உள்ளவர். அவருடைய ஆசானான சினிக் கிரேட்டிஸ், ஒரு பானைப் பருப்புக் கஞ்சியைக் கொடுத்து ஊர் நடுவே தூக்கிப்போகச் சொன்னார். ஜீனோ அதை மறைக்கப் பார்த்தபோது ஆசான் கைத்தடியால் பானையை உடைத்தார். கஞ்சி கால்வழியே வழிய மாணவர் ஓடினார். கிரேட்டிஸ் தீப்ஸ் நகரின் செல்வந்தர். சொத்தையெல்லாம் துறந்து வந்தவர். அவரை மணக்க ஹிப்பார்க்கியா வசதியான குடும்பத்தின் எதிர்ப்பை மீறினார். கணவரைப் போலவே உடுத்தி, அவருடன் பொது இடங்களில் நடமாடி, ஆண்களோடு வாதிட்டார். சினிக் வாழ்வின் துணிவுக்கு அவரைவிடச் சிறந்த சான்று கிடையாது. ஜீனோவோ அந்த வெட்கமின்மையை விட்டுவிட்டுத் தன்னடக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, கி.மு. 300 அளவில் ஸ்டோயிக் பள்ளியைத் தொடங்கினார்.

இந்தியாவோடும் சினிக் மரபுக்கு ஒரு தொடர்பு உண்டு. டயோஜனிஸின் மாணவராகக் கருதப்படும் ஒனெசிக்ரிட்டஸ், அலெக்சாந்தரின் படையுடன் வந்து தட்சசீலத்தருகே ஆடையற்ற துறவிகளைச் சந்தித்தார். அவர்களில் ஒருவர், கிரேக்க ஞானிகள் நல்லவர்களே, ஆனால் இயற்கையைவிட ஊர் வழக்கத்தை மேலாகக் கொண்டது அவர்கள் பிழை என்றாராம். உள்ளம் உறுதிபெறவே உடலை உழைப்புக்குப் பழக்குகிறோம் என்றும் விளக்கினாராம். புவியியலாளர் ஸ்ட்ராபோவின் நூல்வழி இது நமக்குக் கிடைக்கிறது. ஒனெசிக்ரிட்டஸ் தன் ஆசானின் கருத்தையே துறவியின் வாயில் வைத்திருக்கலாம் என்று ஐயுறும் ஆய்வாளர்கள் உண்டு; அந்த ஐயம் நியாயமானதே.

மாணவர்கள் எடைபோட வேண்டிய எதிர்வாதங்கள் வலுவானவை. யாரையும் சாராமல் வாழ்வதாகச் சொன்ன டயோஜனிஸ் பிச்சையெடுத்து உண்டார். அந்த உணவை யாரோ உழைத்து விளைவித்தார்கள். மானேஸ் என்ற அடிமையும் அவருக்கு இருந்தான். அவன் ஓடிப்போனபோது, தானில்லாமல் அவன் வாழ முடியுமானால் அவனில்லாமல் தானும் வாழ முடியும் என்று சொல்லித் தேடாமல் விட்டார். தன் தேவையைக் குறைத்துக்கொண்டாரே ஒழிய அடிமைமுறையை அவர் எதிர்க்கவில்லை. விளம்பர ஆசை என்ற குற்றச்சாட்டு இன்னும் கூர்மையானது. டயோஜனிஸ் நனைந்து நிற்பதைக் கண்டு கூட்டம் இரங்கியபோது, உண்மையில் இரங்குவதானால் விலகிப் போய்விடுங்கள் என்று பிளாட்டோ சொன்னாராம்.

ரோமப் பேரரசுக் காலத்தில் மேலங்கியும் தடியும் தாடியுமாகத் திரிந்த போலிகள் பெருகினர். பேரரசர் ஜூலியன் கி.பி. 362இல் அவர்களைக் கண்டித்து எழுதினார். அவருக்கு முன்பே ஸ்டோயிக் தத்துவவாதி எபிக்டெட்டஸ், சினிக் ஆக விரும்பிய ஓர் இளைஞரிடம் அவசரப்பட வேண்டாம் என்று எச்சரித்திருந்தார். மற்றவர்களுக்குத் தவறுகளை மறைத்துக்கொள்ளச் சுவரும் கதவும் இருக்கின்றன. சினிக் திறந்தவெளியில் வாழ்பவர், அவருக்குத் தன்மானம் ஒன்றே மறைப்பு. அதில்லாமல் அந்த வாழ்வில் இறங்குவது பலர் முன்னிலையில் அவமானப்படுவதில்தான் முடியும் என்று எபிக்டெட்டஸ் கருதினார்.