வேகமும் விழிப்பும்

விரைந்து செல்வது அறமா என்னும் வினாவை நாம் எழுப்புவதில்லை. விரைவு நன்று என்பதே உலகத்தார் கொள்கையாகிவிட்டது. எனினும், கொங்கு நாட்டின் இரயில் வரலாற்றை எண்ணிப் பார்க்குமிடத்து அவ்வினா தவிர்க்க இயலாததாகிறது.

1830இல் இங்கிலாந்தில் லிவர்பூலையும் மான்செஸ்டரையும் இணைத்த புகைவண்டி, ஒரு தலைமுறைக்குள் நம் நாட்டையும் எட்டியது. சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரை செல்லும் இருப்புப்பாதை 1862இல் போத்தனூர் வழியே நிறைவுற்றது. 1873இல் கோவையும் மேட்டுப்பாளையமும் அதனோடு இணைந்தன. மாட்டு வண்டியில் பல நாள் சென்ற பருத்தி விரைவில் துறைமுகம் சேர்ந்தது. 1888இல் கோவையில் நூற்பாலை எழுந்தது. இருப்புப்பாதை தொடாத சரவணம்பட்டி போன்ற ஊர்களின் விளைபொருளுக்கும் தொலைதூரச் சந்தைகளே விலை கூறலாயின.

1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும்பஞ்சம் இதன் மறுபக்கத்தைக் காட்டிற்று. இரயில் தானியத்தைக் கொண்டுவந்தது உண்மையே. ஆயின் விளைந்த ஊர்களிலிருந்தும் தானியத்தை ஈர்த்து, அங்கும் விலையை உயர்த்தியது. கோவை, சேலம் மாவட்டங்களில் வாங்கப் பொருளற்ற எளியோர் பசியால் மடிந்தனர். வணிகத்தில் தலையிடலாகாது என்று ஆட்சியாளர் வாளாவிருந்தனர். சக்கரம் விலையை நோக்கி ஓடிற்றேயன்றிப் பசியை நோக்கி ஓடவில்லை. பொறிக்கு விருப்பு வெறுப்பு இல்லை. மிகுபொருள் விரும்பிய மனமே அதற்குத் திசை காட்டிற்று.

அவ்வாறாயின், தீய எண்ணம் இல்லாத இடத்தில் தீங்கும் இல்லையா? வாளையாறு, மதுக்கரைப் பாதையில் யானைகளைக் கொல்லும் எண்ணம் எந்த ஓட்டுநருக்கும் இல்லை. எனினும் 2021 நவம்பர் 26 இரவு, நவக்கரை அருகே மூன்று யானைகள் இரயிலில் அடிபட்டு இறந்தன. எண்ணாமல் செய்த கொலையும் உயிரிழந்த உயிர்க்குக் கொலையே.

துறவியர் நடக்குங்கால் நுகத்தடி அளவு நிலத்தை முன்னே நோக்கி, சிற்றுயிர் நசுங்காவண்ணம் அடியெடுத்து வைப்பர். இதனை ஈரியா சமிதி என்பர். மெல்ல நடப்பவர்க்கு அவ்வளவு பார்வை போதும். பல பெட்டிகளை இழுத்து விரையும் இரயிலுக்கோ நெடுந்தொலைவு முன்னோக்கும் பார்வை வேண்டும். 2024இல் தமிழக வனத்துறை மதுக்கரைப் பகுதியில் நிறுவிய செயற்கை நுண்ணறிவுக் கேமராக்கள், பாதையை நெருங்கும் யானைகளைக் கண்டு முன்னரே எச்சரிக்கின்றன. இஃதும் ஒருவகையில் பார்த்து நடத்தலேயாம்.

ஆகவே வேகம் தன்னளவில் அறமும் அன்று, பாவமும் அன்று. வேகம் வளருமளவு விழிப்பும் வளர்தல் வேண்டும். தானியம் அனுப்பும் வணிகர் அது சேரும் ஊரோடு, அதை இழக்கும் ஊரையும் எண்ணுதல் வேண்டும். வேகத்தின் பயன் துய்க்கும் நாம் அனைவரும், அதற்கு விலை கொடுப்போர் யாவர் என நோக்கக் கடமைப்பட்டுள்ளோம். விழிப்பில்லா விரைவு எவ்வுயிர்க்கும் ஊறே.