அணி களைந்த பாட்டு

பாட்டுக்கு அழகு தருவது யாது? குரலா? கருவியா? சொல்லா? அன்றி, கேட்போர் நெஞ்சத்திலே உறங்கும் பழைய நினைவா? இளமையிற் கேட்டு இன்புற்ற பாட்டுக்களைக் கருவிக் கூட்டத்தை நீக்கித் தனிக்குரலில் மீண்டும் பாடி ஒலிப்பதிவு செய்யும் இசைவாணர் உளர். அதனை எளிமை என்று போற்றுவாரும் உண்டு. வறுமை என்று இகழ்வாரும் உண்டு. எது உண்மை? இதனை ஆராய ஒரு பாடகரின் வரலாறு நமக்குத் துணை செய்யும்.

ஜானி கேஷ் என்பார் 1932-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு ஆர்க்கன்சா மாநிலத்திலே ஏழைக் குடியிற் பிறந்தார். நொடித்துப் போன உழவர்களுக்கென அரசாங்கம் அமைத்த டையஸ் என்னும் குடியேற்றத்தில், 1935-இல் அவர்தம் பெற்றோர்க்கு 20 ஏக்கர் நிலம் கிடைத்தது. குடும்பமே பருத்திக் காட்டில் உழைத்தது. உழைப்பின் களைப்பை ஆற்றியவை, அவர்கள் கூடிப் பாடிய ஞானப்பாட்டுக்கள். 1944-இல் மரம் அறுக்கும் இயந்திர வாளிற் பட்டு அண்ணன் ஜாக் மாண்டான். அடக்கம் முடிந்த மறுநாளே குடும்பத்தார் மீண்டும் பருத்திக் காட்டுக்குச் சென்றனர் என்று கேஷ் தம் வரலாற்றிலே எழுதியுள்ளார். தோட்டத்து வாழ்வை அறிந்தவர்க்கு அந்த மறுநாளை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை.

மகனின் குரலில் நம்பிக்கை வைத்த அன்னையார், பிறர் துணி வெளுத்து ஈட்டிய காசில் அவரை இசை பயில அனுப்பினார். ஆசிரியையோ மூன்றாம் பாடத்தோடு நிறுத்திவிட்டார். அக்குரலை எவரும் மாற்ற இடங்கொடுக்க வேண்டா என்று கூறி அனுப்பினார். பின்னர்ப் புகழ் வந்தது, செல்வம் வந்தது, போதைப் பழக்கமும் வந்தது. அன்னையார் 1991-இல் மறைந்தார். அவர் வைத்திருந்த பழைய ஞானப்பாட்டு நூலிலிருந்து சில பாட்டுக்களைத் தேர்ந்து, ஒரு கித்தாரை மட்டும் துணைக்கொண்டு, மகன் முதுமை ஏறிய குரலிற் பாடிப் பதிவு செய்தார். ‘என் அன்னையின் ஞானப்பாட்டு நூல்’ என்று பொருள்படும் பெயரோடு அத்தட்டு வெளிவந்தபோது அவர் உயிரோடு இல்லை. 2003 செப்டம்பரில் அவர் இறந்தார். அதே ஆண்டு நவம்பரில் வந்த தொகுப்பில் அஃது இடம் பெற்றது. 2004-இல் தனியாகவும் வெளிவந்தது. தாம் பாடிய தட்டுக்கள் அனைத்தினும் தமக்கு உகந்தது அதுவே என்று அவர் கூறிச் சென்றார்.

ஈண்டு ஒரு தடை எழலாம். எளிமையும் ஓர் ஒப்பனை ஆகாதோ? ஆகும். கதர் உடுத்தவர் எல்லாம் துறவியர் அல்லர். கருவிகளைக் குறைத்து, பெருமூச்சை மிகுத்து, ‘எவ்வளவு எளிமை!’ என்று பிறர் வியக்கப் பாடுவோரும் உளர். அவர் பாட்டின் அணியைக் களைந்து தாம் பூண்டுகொள்கின்றனர். ஆதலின் எத்தனை கருவிகள் நீக்கப்பட்டன என்று எண்ணிப் பயனில்லை. நீக்கிய பின்னர் நம் காதில் நிற்பது யார் என்று கேட்டல் வேண்டும். கேஷின் பாட்டிலே நிற்பது பருத்திக் காட்டில் நின்ற ஒரு தாய். அச்சமயத்தைச் சாராதாரும் அத்தாயை அறிவர். அஃது ஒரு கடன் தீர்த்தல். புகழ் தேடல் அன்று.

இதனை எழுதும் எமக்கும் அவ்வாறான கடன் ஒன்று உண்டு. எம் அன்னையார் பால்மரம் வெட்டி எம்மை வளர்த்தவர். லயத்து வீட்டிலே எம் தங்கையைத் தூளியிலிட்டு அவர் பாடிய தாலாட்டு எந்தத் தட்டிலும் இல்லை. எந்த நூலிலும் இல்லை. நாம் ஆங்கிலம் பயின்று பெருமை கொண்டிருந்த நாளில், பள்ளித் தோழர் இருவர் வீட்டுக்கு வந்தனர். அன்னையார் பாடிக்கொண்டிருந்தார். “அம்மா, நிறுத்துங்கள்” என்றோம். நிறுத்தினார். அதன்பின் எம் எதிரில் அவர் பாடி நாம் கேட்டதில்லை. இன்று தோட்டத்துக் கணக்கையெல்லாம் பிழையின்றி எழுதும் நாம், அந்தக் கணக்கை எந்தப் பேரேட்டில் எழுதுவோம்?

சென்ற மாதம் எம் மகளின் தூளியருகே அமர்ந்து அப்பாட்டைப் பாட முயன்றோம். இரண்டு அடிகளுக்குமேல் வரவில்லை. அன்னையாரைக் கேட்டோம். “அதெல்லாம் ஒரு பாட்டாப்பா?” என்று சிரித்தார். வற்புறுத்தியபின் பாடினார். பல அடிகள் மறந்துபோயிருந்தன. அவ்விடங்களில் வெறும் ஓசையால் இட்டு நிரப்பினார். கைப்பேசியிற் பதிந்துகொண்டோம். கேட்ட நண்பர் ஒருவர், விடுபட்ட அடிகளை நாமே கட்டி, ஆர்மோனியமும் மத்தளமும் சேர்த்தால் ஆண்டுவிழாவில் அரங்கேற்றலாம் என்றார். நல்லெண்ணத்தோடு கூறியதே, எனினும் வேண்டா என்றோம்.

அவ்வடிகள் தாமே மறையவில்லை. பாட விடாமையால் மறைந்தன. அவ்விடத்தில் எம் சொல்லை வைத்தால் எம் குற்றமும் மறைந்துபோகும். இப்போது அன்னையார் முனகிய அந்த ஓசையையே நாமும் முனகுகிறோம். குழந்தை உறங்கிவிடுகிறது.

அன்பர்களே! உங்கள் இல்லத்திலும் பாடுவதை நிறுத்திக்கொண்ட முதியவர் ஒருவர் இருக்கலாம். இன்றிரவே கேளுங்கள்.