மீட்சியும் மீட்பும்

பொருளாதாரம் சரிந்து மீண்டும் நிமிர்வதை அறிஞர்கள் ‘மீட்சி’ என்கின்றனர். நாமோ ஆலயத்தில் ‘மீட்பு’ வேண்டிச் செபிக்கிறோம். இரண்டுக்கும் வேர் ஒன்றே. ஆயினும் மீள்வது தன்வினை, மீட்பது பிறவினை. அடகுக்கடையில் கிடக்கும் சங்கிலி தானாக வீடு திரும்புவதில்லை; ஒருவர் பணம் கட்டி அதை மீட்க வேண்டும். நலிவிலிருந்து ஒரு நகரம் எழும்போது அதன் மக்களும் தாமாகவே எழுந்துவிடுகிறார்களா, அன்றி அவர்களை எவரேனும் விலை கொடுத்து மீட்க வேண்டியுள்ளதா?

கம்மாபுரம் சுற்றுவட்டாரத்தினருக்கு இது வெறும் ஏட்டு வினா அன்று. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எடுக்க மேல்மண்ணை அகற்றும்போது களிமண்ணும் கிடைக்கிறது. அம்மண்ணின் அருகிலேயே விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் வளர்ந்தது. அரசு தொழிற்பேட்டை அமைத்தது. செராமிக் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசு நிறுவனமும் வந்தது. மின்கம்பிகளைத் தாங்கும் இன்சுலேட்டர், வீட்டுச் சுவரில் பொருத்தும் பியூஸ் கட்டை, கொலு பொம்மை, அகல் விளக்கு ஆகியவை இங்கிருந்து ஊர் ஊராகச் சென்றன. பின்னர், புதிய வீடுகளில் பியூஸ் கட்டையின் இடத்தை எம்.சி.பி. பிடித்துக்கொண்டது. பொம்மைச் சந்தையில் அயல்நாட்டுச் சரக்கு நுழைந்தது. 2020 மார்ச்சில் பொதுமுடக்கம் வந்தது.

சூளைகள் மறுபடியும் எரியத் தொடங்கின. கார்த்திகைக்கு அகல் விளக்குகள் லாரி ஏறின. புள்ளிவிவரம் எழுதுவோர்க்கு அது மீட்சி. ஆனால், இருபது ஆண்டுகளாக அச்சிலிருந்து பொம்மையைப் பக்குவமாக எடுத்து, பிசிறைச் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்து வந்த ஒரு பெண் அந்த இடைவெளியில் நூறு நாள் வேலைக்கும் முந்திரி உடைக்கவும் போய்விட்டால், அவருடைய விரல்கள் கற்றிருந்தவை எந்தக் கணக்கில் சேரும்? (நம் இல்லங்களில் கிறிஸ்துமஸ் குடிலுக்கு வாங்கும் சுரூபங்கள் எங்கே செய்யப்பட்டவை என்று திருப்பிப் பார்ப்போர் எத்தனை பேர்? பங்குத்தந்தையரையும் சேர்த்தே கேட்கிறேன்.)

அப்படியானால், வழக்கொழிந்த பியூஸ் கட்டையை வலிந்து வாங்கித் தொழிலைக் காக்க வேண்டுமா? வேண்டியதில்லை. மேலான கருவி வந்தபின் பழையதை மக்கள் தலையில் கட்டுவது அறமாகாது. தொழில்கள் பிறக்கும், மடியும். 1759இல் ஜோசையா வெட்ஜ்வுட் தொடங்கிய உலகப் புகழ்பெற்ற பீங்கான் நிறுவனமே 2009 சனவரியில் கடனில் மூழ்கியது. அதன் தாயகமான இங்கிலாந்தின் ஸ்டோக்-ஆன்-டிரென்ட் நகரில் எத்தனையோ சூளைகள் அதற்கு முன்பே அவிந்துவிட்டன. மாற்றம் நேர்வது பாவமன்று. அதன் விலையை யார்மீது சுமத்துகிறோம் என்பதே நாம் விசாரிக்க வேண்டியது.

இதற்கு அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரைப் பார்க்கலாம். மோட்டார் வாகனத் தொழிலால் செழித்த அந்நகரில் 1950இல் 18 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர்; 2010இல் எஞ்சியோர் ஏறத்தாழ 7 இலட்சம். 2013 சூலையில், சுமார் 1,800 கோடி டாலர் கடனோடு நகராட்சியே திவால் மனு அளித்தது. கடனைத் தீர்ப்பதற்கு இரண்டு வழிகள் பேசப்பட்டன: நகரின் கலைக்கூடத்து ஓவியங்களை விற்பது, முதியோரின் ஓய்வூதியத்தை வெட்டுவது. அறக்கட்டளைகளும் மாநில அரசும் கலைக்கூடமும் சேர்ந்து 80 கோடி டாலருக்கு மேல் தர முன்வந்ததால் ஓவியங்கள் தப்பின. ஓய்வூதிய வெட்டும் குறைந்தது. எனினும், காவல், தீயணைப்புத் துறைகளைச் சாராத ஊழியரின் ஓய்வூதியம் 4.5 விழுக்காடு குறைக்கப்பட்டது. விலைவாசிக்கேற்ற உயர்வும் நின்றது. ஓவியத்தைக் காக்க எழுந்த ஆர்வத்தோடு ஒட்டிக்கொண்டுதான் முதியவரின் சோறு ஓரளவு தப்பியது என்பது என்னை உறுத்துகிறது. வரி பாக்கிக்காக வீட்டை இழந்த குடும்பங்களோ பல்லாயிரம். பாழடைந்து கிடந்த பெரிய இரயில் நிலையத்தை ஃபோர்டு நிறுவனம் 2018இல் வாங்கி, புதுப்பித்து, 2024இல் திறந்தது. 1957க்குப் பின் முதன்முறையாக 2023இல் மக்கள்தொகை சற்றே கூடியது. நகரம் மீண்டது, ஐயமில்லை. வீடிழந்தவருள் எத்தனை பேர் அந்த மகிழ்ச்சியில் பங்குகொண்டனர்?

நெகேமியா நூலின் 5ஆம் அதிகாரத்தை இந்த இடத்தில் வாசிக்க வேண்டும். எருசலேமின் மதில் எழும்பிக்கொண்டிருக்கிறது. 52 நாளில் முடியவிருக்கும் பெரும்பணி. நடுவே ஏழைகளின் கூக்குரல் கேட்கிறது. தானியத்துக்காக நிலமும் வீடும் அடகில், அரசரின் வரிக்காகக் கடன், பிள்ளைகள் அடிமைகளாகிறார்கள். கடன் கொடுத்தவர்களோ சொந்த இனத்தாரே. மதில் முதலில் முடியட்டும் என்று நெகேமியா சொல்லவில்லை. சபையைக் கூட்டி, நிலங்களையும் வட்டியையும் உடனே திருப்பித்தரச் செய்கிறார். ஆளுநருக்குரிய உணவுப்படியையும் 12 ஆண்டுகள் அவர் வாங்கவில்லை.

நம் காலத்தில் 2020 மார்ச் முதல் ஆகஸ்டு வரை கடன் தவணைகளை ஒத்திவைக்க வழி செய்தார்கள். வட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. குழுக்கடன் வாங்கிய பெண்கள் இதை அறிவர். 2021இல் தமிழக அரசு, கூட்டுறவு வங்கிகளில் 5 சவரன் வரையிலான நகைக்கடனைத் தகுதியுள்ளோர்க்குத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. இத்தகைய தள்ளுபடிகள் கடனைத் திருப்பிக் கட்டும் நாணயத்தைக் கெடுக்கும் என்பாரின் பேச்சில் நியாயம் இல்லாமலில்லை. எனினும், நகை கைக்கு வந்த வீடுகளில் மீட்பு என்னும் சொல்லுக்கு அகராதி தேவைப்பட்டிராது. தனியார் அடகுக்கடையில் வைத்தவர்களுக்கு அந்தப் பேறு இல்லை.

நட்டத்தைப் பகிர்ந்துகொள்ள முன்கூட்டியே ஏற்பாடு செய்த ஊர் ஒன்றும் உண்டு. ஸ்பெயினின் பாஸ்க் பகுதியிலுள்ள மோந்திராகோனுக்கு 1941இல் வந்த இளங்குரு ஹோசே மரியா அரிஸ்மெந்தியாரியெத்தா, 1943இல் தொழிற்பள்ளி தொடங்கினார். அவருடைய மாணவர்கள் 1956இல் கூட்டுறவுத் தொழிற்சாலை நிறுவினர். உழைப்பு முதலுக்கு முந்தியது என்று புனித இரண்டாம் யோவான் பவுல் 1981இல் தம் சுற்றுமடலில் கற்பிக்கும் முன்னரே அவ்வூர் அதை வாழ முயன்றது. அந்தக் குருவை 2015இல் திருச்சபை ‘வணக்கத்துக்குரியவர்’ என அறிவித்தது. அக்கூட்டுறவுக் குடும்பத்தில் வீட்டுச் சாதனங்கள் செய்த ஃபாகோர் நிறுவனம் 2013இல் நொடித்தபோது, அதன் உறுப்பினர் பலரைப் பிற கூட்டுறவுகள் ஏற்றுக்கொண்டன. ஆனால், உறுப்பினராகாமல் கூலிக்கு உழைத்தவர்களுக்கு அந்தக் கதவு அவ்வாறு திறக்கவில்லை. நம் பக்கத்தில் துண்டுக்கூலிக்குப் பொம்மைக்குக் கண் எழுதும் பெண்ணும் பல வேளைகளில் எந்தப் பதிவேட்டிலும் இல்லாதவர்தாம். அவர் வேலையிழக்கும் நாளில், ஒருவர் வேலையிழந்தார் என்று எழுதிவைக்கவும் ஓர் ஏடு இல்லை.