கரையும் தரிசனமும்

எமர்சன் 1836இல் வெளியிட்ட 'இயற்கை' என்ற சிறு நூலில், இயற்கை ஆன்மாவின் குறியீடு என்கிறார். இங்கு ஒரு சங்கடம் எழுகிறது. அர்த்தத்தை எட்டியபின் குறியீடு எதற்கு? மரத்தில் கடவுளைக் கண்டவன் மரத்தைக் கண்டானா? அவருடைய சிநேகிதர் தோரோ 1846இல், உறைந்து கிடந்த வால்டன் குளத்தில் கயிற்றில் கல் கட்டி இறக்கி ஆழம் பார்த்தார்: 102 அடி. அளந்ததால் குளத்தின் புனிதம் அவருக்குக் குறைந்துவிடவில்லை.

வால்டன் தானாக உண்டான குளம். நம் ஏரிகள் கரை கட்டித் தேக்கியவை. பொத்தேரிக்குத் தெற்கே, மதுராந்தகத்தில் கோயில் கொண்டிருப்பவர் ஏரி காத்த ராமர். 1790களில் ஒரு மழை இரவில், உடையவிருந்த கரைமேல் வில்லோடு இருவர் நிற்பதைக் கலெக்டர் லயனல் பிளேஸ் கண்டதாக ஐதீகம். இக்கதையில் தெய்வம் நீருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் அர்த்தமாக வரவில்லை. மனிதர் கட்டிய கரைக்குக் காவலாக வருகிறது. ஆகவே தரிசனம் ஒருவனின் அந்தரங்கப் பரவசத்தோடு முடிவதில்லை. கரை நின்றதா என்ற கேள்விக்கு அது கட்டுப்படுகிறது. வனத்தில் தனியே நிற்கும் எமர்சனுக்கு இந்தக் கேள்வி இல்லை.

ஏரியில் தெய்வத்தைக் கண்டதாகச் சொல்பவரிடம், மதகைப் பார்த்தீர்களா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.