யார் பாரத்தை யார் சுமந்தார்?

திருக்கோவிலூரில் டேனிஷ் மிஷன் மருத்துவமனை ஒன்று இருக்கிறது. இத்தகைய இடங்களில் கட்டிலில் கிடப்பவரைப் பார்த்து இரக்கப்படுகிறோம், கட்டிலருகே கண்விழித்திருக்கும் கணவனையோ மனைவியையோ பார்த்து, “எவ்வளவு பொறுமை!” என்று வியக்கிறோம். ஒருவர் வாங்குகிறவர், மற்றவர் கொடுக்கிறவர் என்று கணக்கை முடித்துவிடுகிறோம். இந்தக் கணக்குச் சரியானதுதானா?

டேனிஷ் என்ற பெயரைக் கேட்டால் வில்லியம் கேரியின் நினைவு வருகிறது. பாதிரிமாரைக் கிழக்கிந்தியக் கம்பெனி விரும்பாத காலத்தில், 1800-இல், அவருக்குப் புகலிடம் தந்தது வங்காளத்தில் டேனிஷ் ஆட்சியில் இருந்த சீராம்பூர். அங்கிருந்துதான் 1801-இல் வங்கமொழிப் புதிய ஏற்பாடு வெளிவந்தது. அவர் மொழிபெயர்த்துக் கொண்டிருந்தபோது, பக்கத்து அறையில் அவர் மனைவி டாரதி சித்தம் கலங்கிக் கூச்சலிட்டுக் கொண்டிருந்தாள். கணவன் தனக்குத் துரோகம் செய்கிறான் என்ற பொய்யான சந்தேகம் அவளை வாட்டியது. 1807-இல் அவள் இறக்கும்வரை அவர் அவளை வீட்டிலேயே வைத்துக் காத்தார்.

பெரிய மனம்தான், மறுக்கவில்லை. ஆனால் கதையைச் சற்று முன்னாலிருந்து பார்க்க வேண்டும்.

1781-இல் செருப்புத் தைக்கும் இளைஞனாக இருந்த கேரியை மணந்தபோது, டாரதிக்கு எழுதத் தெரியாது. திருமணப் பதிவேட்டில் கையெழுத்துக்குப் பதிலாக ஒரு சிலுவைக் குறிதான் இட்டாள். கடல் கடந்து போகக் கணவனுக்கு அழைப்பு வந்தது, அவளுக்கு வரவில்லை. வரமாட்டேன் என்றாள். வற்புறுத்தலுக்குப் பிறகு, தங்கையும் உடன் வந்தால் வருகிறேன் என்று இணங்கி, 1793-இல் கைக்குழந்தையுடன் கப்பல் ஏறினாள். வந்த இடத்தில் வறுமை, வயிற்றுக்கடுப்பு. மறு ஆண்டே ஐந்து வயது மகன் பீட்டரின் மரணம். அதன்பின் அவள் மனம் மீளவே இல்லை.

அப்படியானால் யார் யாரைத் தாங்கியது? கணவனின் விசுவாசத்திற்கு முதல் விலையைக் கொடுத்தவள் அவள். அவர் பிற்பாடு செய்த பணிவிடை, தயவால் அளித்த தானம் அல்ல. பட்ட கடனைத் திருப்பிய கதை.

பவுல் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில், ஒருவர் பாரத்தை மற்றவர் சுமக்கச் சொல்கிறார். சில வரிகள் தள்ளி, அவனவன் தன் பாரத்தைச் சுமக்க வேண்டும் என்றும் சொல்கிறார். முரண் போலத் தோன்றும். இல்லறத்தில் இரண்டும் உண்மை. நாம் பெரும்பாலும் இரண்டாவதைத் துணைக்கு உபதேசிக்கிறோம். “கர்த்தர் பார்த்துக்கொள்வார், பொறுத்துக்கொள்” என்று சொல்வது எளிது. அதைச் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பொறுமையைத் தானே ஏற்பதுதான் கடினம்.

விசுவாசம் துணையை அடக்குவதற்கான சொல்லாகிவிட்டால், அதில் அன்பு இல்லை. தளர்ந்து கிடப்பவர் நமக்காக எதையெல்லாம் விட்டுக்கொடுத்தார் என்று எண்ணிப் பாருங்கள். அந்தப் பட்டியல் நினைவில் இருக்கும்வரை, நாம் செய்யும் பணிவிடையைத் தியாகம் என்று அழைக்க நமக்கே கூசும்.